யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்கும் தங்கைக்கு

கேள்வி:

வணக்கம் சார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோடுமேன். இரண்டு பிள்ளைகள். ஆறு வீடு உள்ள லைனில் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம், வாடகை 4,500. ஓனர் மாதாமாதம் சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறார். எங்களுக்கு 70 யூனிட் ஓடுகிறது, 700 ரூபாய் ஆகிறது. கேட்டால், "எனக்கே ஈபியில் பத்து ரூபாய்தான் விழுது" என்கிறார். ராத்திரியில் ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுகிறேன். காலையில் மாவு புளித்துப் பொங்கிக் கிடக்கிறது. ஊரில் இலவசமாகக் கொடுத்த கேஸ் கனெக்‌ஷன் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் மாமியார் அதை வைத்துச் சமைக்கிறார். இங்கே தெருக்கடையில் சின்ன சிலிண்டரில் கிலோ 130 ரூபாய்க்கு ஏற்றிக்கொள்கிறோம், மாதம் எட்டு கிலோ ஆகிறது. குளிக்கத் தண்ணீர் காய வைக்க பனியன் வேஸ்ட்டை எரிக்கிறேன். பத்தாவது படிக்கும் மகள் கரண்ட் ஆகுமே என்று வாசல் லைட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். இதற்கு மேல் எதைக் குறைப்பது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 31 வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன். கணக்கீட்டாளராக ரீடிங் எடுக்கப் போனதில் ஆரம்பித்து வருவாய் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 70 யூனிட் என்பது மிகவும் சிக்கனம். இதற்கு மேல் குறைக்கச் சொன்னால் இருட்டில் உட்காரச் சொல்வதாக ஆகிவிடும். உங்கள் செலவு ஏறி நிற்பது வாங்குகிற விலையால்தான். கரண்டும் சரி, கேஸும் சரி, வசதியான வீட்டுக்காரர்கள் கொடுப்பதைவிட அதிக விலைக்கு நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனவே முதலில் விலையைப் பேசிவிடுவோம். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்புறம்.

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு. 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல், 2024 ஜூலையில் வந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிவிடும். 2.35 என்ற சலுகை விலை போய்விடும்; 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. 401 முதல் 500 வரை அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50.

உங்கள் வீட்டுக்கென்று தனி ஈபி மீட்டர் இருந்தால் என்ன ஆகும்? மாதம் 70 என்றால் இரண்டு மாதத்துக்கு 140 யூனிட். நூறு இலவசம். மீதி 40 யூனிட்டுக்கு 2.35 வீதம் 94 ரூபாய்.

ஆமாம், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 94 ரூபாய். நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பது 1,400.

சரி, ஓனர் ஏமாற்றுகிறாரா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மற்ற வீடுகளும் உங்களைப் போலத்தான் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஆறு வீட்டுக்கும் சேர்த்து 840 யூனிட். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு 60. ஆக 900 யூனிட், எல்லாம் ஒரே இணைப்பில். முதல் 100 இலவசம். அடுத்த 300-க்கு 1,410. அடுத்த 100-க்கு 630. அடுத்த 100-க்கு 840. அடுத்த 200-க்கு 1,890. கடைசி 100-க்கு 1,050. கூட்டினால் 5,820 ரூபாய்.

"எனக்கே பத்து ரூபாய் விழுது" என்று அவர் சொல்வது அந்தக் கடைசி நூறு யூனிட்டுக்கு உண்மை. பில்லைப் பார்க்கும்போது அந்தக் கடைசி வரிதான் அவர் கண்ணில் நிற்கிறது. ஆனால் 5,820-ஐ 900-ஆல் வகுத்தால் சராசரியாக யூனிட்டுக்கு 6 ரூபாய் 47 காசுதான். ஆறு வீட்டிலும் அவர் வசூலிப்பது 8,400. ஈபிக்குக் கட்டியது போக 2,580 அவரிடம் நிற்கிறது, மோட்டாருக்கான கரண்டையும் கழித்த பிறகு.

இதில் என் மனசை அறுப்பது அந்த 2,580 கூட இல்லை. ஆறு குடும்பத்துக்கு ஆறு முறை கிடைக்க வேண்டிய நூறு யூனிட் இலவசம், ஒரே மீட்டர் என்பதால் ஒரு முறைதான் கிடைக்கிறது. அதோடு ஆறு ஏழைக் குடும்பம் சேர்ந்து, ஏசி போட்டு வாழும் ஒரு பெரிய வீட்டுக்காரருக்கான விலைப் படிக்கட்டில் ஏறி நிற்கிறது. ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஆறு வீட்டு பில்லையும் கூட்டினாலும் 564 ரூபாய்தான். அரசு கொடுக்கிற சலுகை யாருக்காகவோ அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. திருப்பூர் லைன் வீடுகள், சென்னையில் காம்பவுண்டு வீடுகள், எங்கே போனாலும் இதே கதைதான். ரீடிங் எடுக்கப் போகும்போது ஒரே பெட்டியில் ஒரு ஈபி மீட்டரும் அதன் கீழே வரிசையாக ஏழெட்டு சப்-மீட்டரும் மினுக்கிக்கொண்டிருக்கும். எங்கள் கணக்கில் அது ஒரே நுகர்வோர். உள்ளே ஏழெட்டுக் குடும்பம் இருப்பது எங்கள் புத்தகத்தில் எங்கும் இருக்காது.

அதனால்தான் நீங்கள் ஈபி ஆபீஸுக்குப் போய்ப் புகார் கொடுத்தால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். வாரியத்தைப் பொறுத்தவரை நுகர்வோர் உங்கள் ஓனர்தான். சப்-மீட்டர் விஷயம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பேச வேண்டிய இடம் ஓனரின் வாசல்தான். ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள்.

முதலில் ஓனருடைய உண்மையான யூனிட் எவ்வளவு என்று தெரிய வேண்டும். நான் போட்ட 900 ஒரு ஊகம்தான். மீட்டர் பெட்டிக்குள்ளோ பக்கத்திலோ வெள்ளை அட்டை மாட்டியிருந்தால் அதில் ஒவ்வொரு முறையும் எடுத்த ரீடிங் இருக்கும். அட்டை இல்லாவிட்டால் பெட்டி மேல் பெயிண்டில் எழுதியிருக்கும் சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வாரியத்தின் இணையதளத்தில் பில் தொகையைப் பார்க்கலாம். மகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவாள்.

இன்னொன்று, உங்கள் சப்-மீட்டரே சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஈபி மீட்டரை வாரியம் சோதித்து மாட்டும். சப்-மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் வாங்கி மாட்டியது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் மீட்டர் முன்னால் நில்லுங்கள். சின்ன சிவப்பு விளக்கு மினுக்கவே கூடாது. மினுக்கினால் வேறு யாருடைய கரண்டோ உங்கள் மீட்டர் வழியாகப் போகிறது, அல்லது வயரிங்கில் எங்கோ கசிகிறது. ஒரு ஊரில் இட்லி விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மா, மாதம் 150 யூனிட் காட்டுகிறது என்று அழுதார். நான் போய் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தால் மீட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது. லைனுக்குப் பின்னால் இருந்த பொதுக் கழிவறை விளக்கும் மோட்டாரும் அவர் லைனில்தான் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டு வருஷமாக அந்த அம்மாதான் எல்லோருக்கும் தண்ணீர் ஏற்றிக்கொடுத்திருக்கிறார். ஓனருக்கும் அது தெரியாது. வயரிங் செய்தவர் பக்கத்தில் இருந்த வயரில் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மினுக்கவில்லை என்றால் அடுத்து இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். மீட்டர் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். மற்ற எல்லாம் அணைந்திருக்க, 750 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாற்பது மினுக்கு வர வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் 35, 36 வரும். ஐம்பதுக்கு மேல் வந்தால் மீட்டர் ஓவராக ஓடுகிறது, மாற்றச் சொல்லலாம். ஒருவர் எண்ண, ஒருவர் மணி பாருங்கள்; மீட்டரில் கை வைக்க வேண்டாம்.

இப்போது ஓனரிடம் பேசுவது. தனியாகப் போகாதீர்கள். ஆறு வீட்டுப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகப் போங்கள். சண்டைக்குப் போவது போல இல்லாமல், கணக்குக் கேட்கப் போவது போல. "அண்ணா, பில் எவ்வளவு வருதோ அதை மொத்த யூனிட்டால் வகுத்து நாங்கள் கொடுத்துவிடுகிறோம், மோட்டாரையும் ஆறாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். என் ஊகக் கணக்குப்படி யூனிட் ஆறரை ரூபாய் வரும். அதற்கு ஒத்துக்கொண்டாலே உங்களுக்கு மாதம் 700 என்பது 455 ஆகிவிடும், மோட்டார் பங்கு தனி.

ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது தனி இணைப்பு. அதற்கு அவர் முகம் சுளிப்பார். காரணங்கள் இருக்கின்றன. புது இணைப்புக்கும் வயரிங்குக்கும் பணம் செலவாகும். ஆறு கதவு, ஆறு மீட்டர் என்றால் சொத்து வரி ஏறிவிடுமோ, குடியிருப்பவர் பாத்தியதை கொண்டாடுவாரோ என்ற பயமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், மாதம் 1,290 ரூபாய் கைக்கு வருவது நின்றுபோகும். இதைச் சொல்லாமல் வேறு காரணம் சொல்வார்.

எனவே அந்தக் காரணத்துக்கே வழி சொல்லுங்கள். தனி மீட்டர் வந்துவிட்டால் ஒவ்வொரு வீடும் வாடகையில் 300 ரூபாய் கூட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள். ஆறு வீட்டுக்கு மாதம் 1,800. மோட்டார் கரண்டுக்கு அதிலிருந்து கட்டினாலும் இப்போது அவர் கையில் நிற்பதைவிடக் குறையாது. உங்களுக்கு? மின்கட்டணம் மாதத்துக்கு 47, கூடுதல் வாடகை 300, ஆக 347. இப்போது கொடுப்பதில் பாதிதான். இரண்டு தரப்புக்கும் நஷ்டம் இல்லாத இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்தபோது தலையாட்டிய ஓனர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுகிறாய் என்று சொன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

ஆறு மீட்டர் முடியாது என்றால் மூன்று மீட்டராவது கேட்டுப் பாருங்கள், இரண்டு வீட்டுக்கு ஒன்று. ஒரு மீட்டருக்கு 300 யூனிட், பில் 705. மூன்றுக்கும் சேர்த்து 2,115. இப்போது வரும் 5,820 எங்கே, இது எங்கே! ஆனால் எந்த மீட்டரும் 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியாக 500 என்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

வாடகைக்கு இருப்பவரும் தன் பெயரில் இணைப்புக்கு விண்ணப்பிக்க விதிகளில் இடம் உண்டு. ஓனரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால்கூட, சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரமும் உறுதிப் பத்திரமும் கொடுத்துக் கேட்கலாம். அதற்கு வைப்புத்தொகை கூடுதல். வீட்டுக்குத் தனி வாசலும் தனி வயரிங்கும் இருக்க வேண்டும். கட்டடத்தைப் பொறுத்து வேறு சில சான்றிதழ்களும் கேட்பார்கள். உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓனரை எதிர்த்து இணைப்பு வாங்கி, அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மகள் பத்தாவது படிக்கும் வருஷம் இது. அந்த வழியை நான் உங்களுக்கு இப்போது சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைப் பேச்சில் மனஸ்தாபம் வந்து, "ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால், அப்படிச் செய்ய ஓனருக்கு உரிமை இல்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது கரண்டுக்கு என்ன விலை, எப்படிக் கணக்கு என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸுக்கு வருவோம். இதிலும் அதே கதைதான். சென்னையில் 2025 ஏப்ரலில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த விலைப்படி கிலோ 61 ரூபாய். ஊருக்கு ஊர் சில ரூபாய் வித்தியாசப்படும். உங்கள் பெயரில் இருப்பது, ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கும் உஜ்வாலா கனெக்‌ஷன் என்று நினைக்கிறேன். அப்படியானால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. 2025-26-இல் வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர் வரை. மானியத்தைக் கழித்தால் கிலோ 40 ரூபாய்தான். நீங்கள் தெருக்கடையில் 130 கொடுக்கிறீர்கள், மூன்று மடங்குக்கும் மேல்!

மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மாமியார் சிலிண்டர் எடுத்த தேதிகளுக்கு அந்தக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் கேஸ் ஏஜென்சியில் ஆதார் சரிபார்ப்பு முடிக்காமல் இருக்கலாம்.

மாமியாரிடமிருந்து அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை. அவருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, அதில் வேறு கேஸ் கனெக்‌ஷன் இல்லை என்றால், அவர் பெயரில் புதிதாக உஜ்வாலாவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று அங்கே உள்ள ஏஜென்சியில் கேளுங்கள். அது கிடைத்த பிறகு உங்கள் கனெக்‌ஷனைத் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றல் சீட்டு வாங்கிக்கொண்டு இங்குள்ள ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு முகவரிச் சான்று பெரிய தலைவலி. 2021-இல் வந்த உஜ்வாலாவின் இரண்டாம் கட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் தாங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். ஏஜென்சியில் மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் செலவழிக்கும் எட்டு கிலோ, வருஷத்துக்கு ஏழு சிலிண்டர்கூட ஆகாது. மானியத்தோடு மாதம் 320 ரூபாய், இப்போது 1,040.

தெருக்கடையில் ஏற்றுவதை விலைக்காக மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ரப்பர் குழாயில் சின்னதில் ஏற்றுகிறார்கள். எவ்வளவு நிரப்புகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தச் சின்ன சிலிண்டருக்கு யாரும் சோதனை செய்து தேதி போடுவதில்லை. பத்துக்குப் பத்து வீட்டில், குழந்தைகள் தூங்கும் இடத்துக்கு நாலடி தள்ளி அதை வைத்திருக்கிறீர்கள். கனெக்‌ஷன் மாறும் வரை ஏஜென்சிகளிலேயே கிடைக்கும் ஐந்து கிலோ சிலிண்டரை வாங்குங்கள். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். மானியம் கிடையாது, விலையும் கூடத்தான், ஆனால் சீல் வைத்து, எடை பார்த்து வரும்.

பனியன் வேஸ்ட்டை எரிப்பதைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் சாயம் இருக்கிறது, பாலியஸ்டர் கலந்திருக்கிறது, எலாஸ்டிக் இருக்கிறது. அந்தக் கருப்புப் புகையை நீங்களும் குழந்தைகளும்தான் இழுக்கிறீர்கள். திருப்பூர் வெயில் இலவசம். கருப்பு பெயிண்ட் அடித்த தகர டின்னிலோ கருப்பு பிளாஸ்டிக் டிரம்மிலோ காலையில் தண்ணீர் ஊற்றி வெயிலில் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது குளிக்கிற சூட்டில் இருக்கும். மழைக்காலத்துக்கு மட்டும் வேறு வழி பாருங்கள்.

இனி வீட்டுக்குள். உங்கள் 70 யூனிட் எங்கே போகிறது என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒன்று தினம் 12 மணி நேரம், இன்னொன்று ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 38 யூனிட். ஃப்ரிட்ஜுக்கு 25. டிவி நாலரை. டியூப்லைட் இரண்டரை. மிக்சி, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒன்று.

மகளை முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 20 வாட் எல்இடி டியூப் தினம் நாலு மணி நேரம் எரிந்தாலும் மாதம் 2.4 யூனிட். ஓனர் சொல்லும் பத்து ரூபாய்க்கே கணக்குப் போட்டாலும் 24 ரூபாய். இதற்காகப் பிள்ளை வாசலில் கொசுக்கடியில் படிக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜை ராத்திரி நிறுத்துவதால் கொஞ்சம் குறையும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் போட்டவுடன் சூடேறிக் கிடந்ததையெல்லாம் மறுபடி குளிர வைக்கக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மிச்சம் பிடித்த கரண்டைவிடக் கெட்டுப்போன மாவும் திரிந்த பாலும் அதிகம் தின்றுவிடும். ஓட விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். பின்பக்கம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், மெக்கானிக்கை வைத்து மாற்றிவிடலாம். ஃப்ரீசரில் ஐஸ் விரல் கனத்துக்கு ஏறினால் உருகவிட்டுத் துடையுங்கள். கத்தியால் குத்தாதீர்கள்.

காசு போட்டு ஒன்றே ஒன்று மாற்றலாம் என்றால் அது 12 மணி நேரம் ஓடும் அந்த ஃபேன். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புது வகை ஃபேன் 30 வாட் அளவில்தான் எடுக்கும். மாதம் 16 யூனிட் மிச்சம், உங்கள் இப்போதைய விலையில் 160 ரூபாய். ஃபேன் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ஆகும். ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். வீடு மாறினாலும் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் தனி மீட்டர் கிடைத்துவிட்டால் அவசரமே இல்லை, ஏனென்றால் அப்போது மிச்சமாகும் யூனிட்டின் விலை 2.35-தான். எனவே தீபாவளி போனஸ் வந்ததும் ஓடிப்போய் வாங்க வேண்டாம்; ஓனர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் மட்டும் இப்போதே மாற்றுங்கள். அது ஃபேனின் வேகத்தைக் குறைத்தாலும் கரண்டைச் சூடாக்கி வீணடிக்கிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

இப்போது கரண்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து மாதம் 1,740 கொடுக்கிறீர்கள். யூனிட் ஆறரை ரூபாய்க்கு ஓனர் இறங்கி வந்து, கேஸ் கனெக்‌ஷனும் மாறினால் 775-ம் மோட்டார் பங்கும்தான். தனி மீட்டரே வந்து, 300 ரூபாய் வாடகை கூட்டிக் கொடுத்தாலும் 667.

அடுத்த ஈபி ரீடிங் எடுக்கும் தேதி வெள்ளை அட்டையைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்கு ஈபி மீட்டரில் உள்ள எண்ணையும், ஆறு சப்-மீட்டரிலும் உள்ள எண்களையும் ஒரே நேரத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். ஆறு சப்-மீட்டரையும் கூட்டினால் ஈபி மீட்டரை விட எவ்வளவு குறைகிறதோ அதுதான் மோட்டாரும் பொது விளக்கும். கூட்டினால் ஈபி மீட்டரை விட அதிகமாக வந்தால் ஏதோ ஒரு சப்-மீட்டர் தப்பாக ஓடுகிறது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் லைனின் சரியான கணக்கை ஒரு தாளில் போட்டுத் தருகிறேன். ஆறு பேரும் ஓனரிடம் போகும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.